ஐந்து லட்சத்துக்குப் பாய்மரப் படகு: கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 38 வயது, புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். தனியார் கம்பெனி வேலை, கைக்கு வருவது மாதம் 82,000. வீட்டுக் கடன் தவணை 24,000. மகள் ஆறாம் வகுப்பு. எஃப்.டி.யில் 1.5 லட்சம் இருக்கிறது. போன வருடம் சென்னையில் ஒரு வாரம் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன், அதிலிருந்து அதே நினைப்புதான். தெரிந்த ஒருவர் தன் பழைய 16 அடி பாய்ப் படகை, சின்ன அவுட்போர்டு மோட்டாரும் டிரெய்லரும் சேர்த்து 5 லட்சத்துக்குத் தருகிறார். 10,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். மீதிக்கும் மற்ற செலவுக்குமாக 5 லட்சம், 14 சதவீதத்தில் ஐந்து வருட பெர்சனல் லோன் எடுக்கலாமா? மனைவிக்கு இஷ்டமில்லை.

பதில்: வேண்டாம். லோனும் வேண்டாம், இந்தப் படகும் வேண்டாம். கடலுக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

லோன் கணக்கு சுலபம். தவணை மாதம் 11,634 ரூபாய், ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டி முடிப்பது 6.98 லட்சம், அதாவது வட்டி மட்டும் கிட்டத்தட்ட 2 லட்சம். இது கண்ணுக்குத் தெரிகிற செலவு என்பதால் இதைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. புதுப் படகுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 40 சதவீதமாகிவிட்டதால் பழைய படகு எல்லோருக்கும் மலிவாகத் தெரிகிறது, அதுவும் புரிகிறது. ஆனால் படகு, வாங்கிய நாளிலிருந்து தின்ன ஆரம்பிக்கும்.

நானே ஒரு காலத்தில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு சின்னப் பாய்ப் படகு வைத்திருந்தேன். மழைக்காலம் முழுக்கப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு தை பிறந்ததும் பிரித்துப் பார்த்தால், சுருட்டிய வாக்கில் எலி கடித்ததால் ஒரே வரிசையில் ஏழு ஓட்டை. பக்கத்தில் பாய் தைக்க ஆள் இல்லை, லாரி தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்தோம், அவரும் பாவம் அழகாகத்தான் தைத்தார், ஆனால் சாதாரண நூல் வெயிலையும் உப்பையும் எத்தனை நாள் தாங்கும்? மூன்றாவது முறை போனபோது தையல் வழியாகவே மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. புதுப் பாய் வாங்கியபோது எனக்கு வந்த பங்கு, நான் படகு வாங்கப் போட்ட பங்கில் பாதி.

உங்களுக்கு வருவோம். படகு டிரெய்லரோடு சேர்த்தால் லாஸ்பேட்டைத் தெருவில் நிறுத்த முடியாது, ஆகவே கடற்கரைப் பக்கம் எங்காவது இடம். அதற்கு மாதம் 3,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருடம் 36,000. பாய், கயிறு, கப்பிக்கு ஒதுக்கிவைக்க 25,000. ஃபைபர் ஒட்டு, பெயின்ட் 15,000. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவினாலும் மோட்டாருக்கு 10,000, உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறும் டிரெய்லரின் பேரிங்குக்கும் டயருக்கும் 6,000, இன்சூரன்ஸ் 8,000. சரியாக ஒரு லட்சம். எல்லாம் என் உத்தேசம்தான், கூடும் குறையும், ஆனால் பாதியாகக் குறையாது.

இப்போது நீங்கள் போடாத கணக்கு: வருடத்தில் எத்தனை நாள் போவீர்கள்? உங்களுக்கு இருப்பது ஞாயிறு மட்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அந்த மூன்று மாதத்தை அடித்துவிடுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கரையைப் பார்த்து அடிக்கும், பாய்ப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது, அலை உடைகிற இடத்திலேயே கோணலாக வளைந்து வளைந்து வெளியேற வேண்டும். ஆடி மாதம் காலையில் மேல்காற்று, சுகமாக வெளியே தள்ளிவிடும், திரும்பி வருவதுதான் பாடு. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுக முகத்துவாரம் வழியாகப் போகலாம் என்றால் அங்கே மணல் மூடுவதும் தூர் வாரச் சொல்லி மீனவர்கள் கேட்பதும் உங்களுக்கே தெரியும். கல்யாணம், காய்ச்சல், மகள் பரீட்சை எல்லாம் போக இருபது நாள் தேறினால் அதிகம். போகிற நாளில் டிராக்டர், பெட்ரோல், தள்ள வருகிறவர்களுக்கு டீ, கைச்செலவு என்று 1,500.

ஆக, பராமரிப்பு 1 லட்சம், போகிற செலவு 30,000, தவணை 1.4 லட்சம். 2.7 லட்சத்தை இருபதால் வகுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை 13,500 ரூபாய். மனைவி இந்தக் கணக்கைப் போடாமலேயே விடையைச் சொல்லிவிட்டார்.

இதில் புயலைச் சேர்க்கவே இல்லை. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல், இரண்டும் நம் தலைமேல்தான் கரையேறின. எந்தப் படகு வாங்கினாலும், கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது புயலில் சேதமானால் பணம் வருமா என்று பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

என்ன செய்யலாம்? முதல் வேலை அந்த 1.5 லட்சம். நாளைக்கு வேலை போனால் தவணையும் வீட்டுச் செலவுமாக இரண்டு மாதத்துக்கு மேல் தாங்காது, அதை 4 லட்சமாக்குங்கள். கட்ட நினைத்த 11,634-ஐ அப்படியே ஆர்.டி.யில் போட்டால் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். அதுவரை மாதம் ஒருமுறை காலை பஸ் பிடித்து ஈ.சி.ஆர். வழியாகச் சென்னை போய், கற்றுக்கொண்ட இடத்திலேயே வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். இரண்டு வருடம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால் நான்கு பேர் சேர்ந்து லேசர் மாதிரி ஒரு சின்னப் படகு வாங்குங்கள். நீளம் 4.2 மீட்டர், படகு மட்டும் சுமார் 60 கிலோ, இரண்டு பேர் தூக்கிவிடலாம், மோட்டார் கிடையாது. சாதாரணமாக நினைக்காதீர்கள், நம் பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனது இந்த வகைப் படகில்தான், பாய் மட்டும் கொஞ்சம் சின்னது. யார் உடைத்தால் யார் கட்டுவது, ஒருவர் விலகினால் பங்குக்கு என்ன விலை என்பதை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதவில்லை, அந்த இரண்டு நண்பர்களில் ஒருவர் இப்போதும் என்னோடு பேசுவதில்லை.

அட்வான்ஸ் 10,000 போய்விடுமே என்று இழுக்காதீர்கள், அது ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு. கேட்டுப் பாருங்கள், தரமாட்டேன் என்றால் அந்தப் பணத்துக்கு நான்கு ஞாயிறு அவர் படகிலேயே உங்களைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.