கந்தகத்தைக் கழுவும் கோபுரம்

தொழில்நுட்பத்தில் முதலீடு கூடினால் காற்று தானே தூய்மையாகிவிடும் என்று அமெரிக்காவைக் காட்டுகிறார்களே, உண்மையா?
வாசகர், ஈரோடு

பாதி உண்மை. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் நச்சு வாயு சல்பர் டை ஆக்சைடு. அமெரிக்க மின் நிலையங்கள் 1980-ல் கக்கியது சுமார் 1.7 கோடி டன். 2020-ல் அது 10 லட்சம் டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் எல்லாப் பெருமையும் புகையைக் கழுவும் ஸ்க்ரப்பருக்குப் போகாது. 1980-ல் ரயில் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்ததும், வயோமிங் மாநிலத்தின் கந்தகம் குறைந்த நிலக்கரி தொலைதூர மின் நிலையங்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் வந்து சேர்ந்தது. பிறகு இயற்கை எரிவாயு நிலக்கரியையே ஓரங்கட்டியது.

ஸ்க்ரப்பர் கதையில் கவனிக்க வேண்டியது சட்டத்தின் வாசகம். 1970-களின் இறுதியில் வந்த விதி, புதிய நிலையங்கள் கந்தகத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை நீக்கினால் போதும் என்றது. போதும் என்றபின் 95-க்கு யார் மெனக்கெடுவார்கள்? அக்காலக் காப்புரிமைகள் பெரும்பாலும் செலவைக் குறைக்கவே உதவின. 1990 சட்டம் மொத்த அளவுக்கு உச்சவரம்பு வைத்து, மிச்சம் பிடித்த டன்னுக்கான உரிமையைப் பிற நிலையங்களுக்கு விற்கவும் அனுமதித்தது. அதன் பிறகே நீக்கும் திறனைக் கூட்டும் காப்புரிமைகள் வந்தன.

ஸ்க்ரப்பருக்கு எவ்வளவு சுண்ணாம்புக்கல் வேண்டும்? எங்கே பழுதாகும்?
வாசகர், அரியலூர்

வேதிக் கணக்குப்படி 1 டன் சல்பர் டை ஆக்சைடுக்கு 1.56 டன் தூய சுண்ணாம்புக்கல். கல்லில் கலப்பு இருப்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். கிடைப்பது சுமார் 2.7 டன் ஜிப்சம். கல்லை மாவாக அரைத்து நீரில் கலக்கி, ஸ்க்ரப்பர் கோபுரத்தின் மேலிருந்து தூவுவார்கள்; சுமார் 130 டிகிரி சூட்டில் கீழே நுழையும் புகை 50 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து வெளியேறும்.

கலவையின் பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் கூடும்) 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏறினால் கல் கரையாமல் ஜிப்சத்தோடு போய்விடும். இறங்கினால் வாயுவை உறிஞ்சாது. சில சமயம் எவ்வளவு கல் போட்டாலும் பி.எச். ஏறாது. முன்னாலுள்ள சாம்பல் பிடிப்பானில் கோளாறு என்று சந்தேகப்படுங்கள்: தப்பி வரும் சாம்பலின் அலுமினியம், புகையிலுள்ள ஃப்ளோரைடோடு சேர்ந்து கல் துகள்மேல் உறைபோல் படிந்துவிடும். அப்போது மேலும் மேலும் கல்லைக் கொட்டுவதுதான் வழக்கமான தவறு.

அடித் தொட்டிக்குள் ஊதும் காற்று குறைந்தால் ஜிப்சத்துக்குப் பதில் கால்சியம் சல்பைட். மெல்லிய தகடு தகடாக வளரும் அந்தப் படிகத்தில் நீர் வடியாது; பற்பசைபோல் நிற்கும், விற்கவும் முடியாது. உச்சியில் நீர்த்துளி பிடிக்கும் தகடுகளை அடிக்கடி கழுவாவிட்டால் அடைத்துக்கொண்டு விசிறியின் பளு ஏறும். நீரில் குளோரைடு சேரச் சேர எஃகு அரிக்கும். அதனால் ஒரு பங்கு நீரை வெளியேற்றியே ஆகவேண்டும்.

அப்படியானால் அழுக்கு காற்றிலிருந்து நீருக்குத்தானே மாறுகிறது?
வாசகர், மதுரை

கவனிக்காவிட்டால் அப்படித்தான். லண்டனின் பாட்டர்ஸீ மின் நிலையம் 1930-களிலேயே தேம்ஸ் நீரால் புகையைக் கழுவி, அந்த நீரை ஆற்றிலேயே விட்டது. அமெரிக்காவிலோ ஸ்க்ரப்பர் கழிவுநீரின் பாதரசம், ஆர்செனிக், செலீனியத்துக்கு நாடு தழுவிய வரம்பு 2015-ல்தான் வந்தது. இன்னொன்று: ஒவ்வொரு டன் சல்பர் டை ஆக்சைடைப் பிடிக்கும்போதும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து சுமார் 0.7 டன் கார்பன் டை ஆக்சைடு புதிதாக வெளியேறும்.