வெராகுரூஸ் நண்டுச் சாறு நம் வீட்டு அடுப்பில்

கேள்வி: எங்கள் ஊரில் நண்டுக்குக் குறைவில்லை, தோட்டத்து வீடுகளில் வார இறுதி என்றால் நண்டுக் குழம்புதான். மெக்சிகோவின் வெராகுரூஸ் கடற்கரையில் சில்பச்சோலே என்னும் நண்டுச் சாறு பெயர் பெற்றது என்று படித்தேன். அந்நாட்டு மிளகாயும் மூலிகையும் இல்லாமல் அதை இங்கே சமைக்க இயலுமா? தேங்காய்ப்பால் சேர்த்துக் கெட்டியாக்கலாமா?
– வாசகி, நிபோங் திபால், மலேசியா

பதில்: தாராளமாகச் சமைக்கலாம், ஆனால் தேங்காய்ப்பாலும் மசாலைத் தூளும் வேண்டாம். அவற்றைச் சேர்த்தால் அது நம் நண்டுக் குழம்பாகிவிடும். இந்தச் சாற்றுக்கு உயிர் தருபவை புகைமணமும் மக்காச்சோள மாவும்தான். இவ்விரண்டையும் காப்பாற்றிவிட்டால், மற்றவற்றை நம் சந்தையில் கிடைப்பதைக் கொண்டே சமாளிக்கலாம்.

அங்கே புகைமணத்தைத் தருவது சிபோட்லே. அதாவது, செடியிலேயே பழுத்த ஹலப்பேன்யோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது. அது கிடைத்தால் இரண்டு போதும். கிடைக்காவிட்டால், ஆறு காய்ந்த மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவையுங்கள். அரைக் கிலோ தக்காளி, ஒரு பெரிய வெங்காயம், நான்கு பல் பூண்டு ஆகியவற்றைச் சிரட்டைத் தணலில் தோல் கருகும்வரை சுட்டெடுங்கள். எண்ணெய் இல்லாத தோசைக்கல்லிலும் சுடலாம்; மெக்சிகோவில் அப்படித்தான் செய்கிறார்கள். எனினும் சிபோட்லே இல்லாத குறையை ஓரளவு ஈடுசெய்வது தணலின் புகையே என்பதால், நான் சிரட்டையையே பரிந்துரைப்பேன்.

நண்டுக்குக் கவலையில்லை. வெராகுரூஸின் நீல நண்டும் இங்கே மலாய் மொழியில் கெத்தாம் பூங்கா என்று விற்கப்படும் பூ நண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கையில் எடுத்தால் கனமாக இருப்பவையாகப் பார்த்து ஒரு கிலோ வாங்குங்கள். வாடை அடிப்பதைத் தொடவே வேண்டாம், இறந்த நண்டு விரைவில் கெடும். செவுளை நீக்கி, உடலை இரண்டாக உடைத்து வையுங்கள். மேலோடுகளை மட்டும் ஒன்றரை லிட்டர் நீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள்.

சுட்டவற்றையும் ஊறிய மிளகாயையும் அரைத்து, கனமான சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, பச்சை வாடை போய் நிறம் கறுக்கும்வரை வதக்குங்கள். இதில் அவசரம் காட்டினால் சாறு வெறும் தக்காளி ரசமாகவே நிற்கும். பிறகு ஓட்டுச் சாற்றையும் உப்பையும் சேருங்கள்.

மாவு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நம் கடைகளில் சோளமாவு என்று விற்கப்படும் வெள்ளை மாவு வெறும் மாச்சத்து. அது சாற்றைக் கெட்டியாக்குமே தவிர, மணம் தராது. மெக்சிகோவில் பயன்படும் மாசா, மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைத்தது. அந்த மணம் சுண்ணாம்பில் வெந்ததால் வருவது. இணையக் கடைகளில் மாசா மாவு வாங்கலாம். இல்லையெனில் மக்காச்சோள டோர்ட்டியா என்னும் மெக்சிகோ ரொட்டி இரண்டை வெந்நீரில் ஊறவைத்து அரையுங்கள். அது கோதுமையில் செய்ததல்ல என்பதை உறையில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அறுபது கிராம் மாவை ஒரு குவளைக் குளிர்ந்த நீரில் கரைத்து, சாற்றைக் கிளறிக்கொண்டே ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அதன் பிறகே நண்டைப் போட்டு மேலும் பத்து நிமிடம் வேகவையுங்கள்.

அவர்கள் சேர்க்கும் எபசோத்தே என்னும் மூலிகைக்கு நேரான மாற்று இங்கே இல்லை. கறிவேப்பிலை பொருந்தாது, இறக்கும்போது கொஞ்சம் மல்லித்தழை தூவினால் போதும். பரிமாறும்போது எலுமிச்சைத் துண்டுகளைத் தனியே வையுங்கள். சாறு ஆற ஆற மாவு இறுகும் என்பதால், சூடாகவே பரிமாறுங்கள். இறுகிவிட்டால் வெந்நீர் சிறிது விட்டு இளக்கிக்கொள்ளலாம்.