பூனைக்குத் தேங்காய் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டுப் பூனை கருப்பனுக்கு மூன்று வயது, ஆண், நாலு கிலோ இருப்பான். நான் தேங்காய் துருவ உட்கார்ந்தால் போதும், எங்கே படுத்திருந்தாலும் ஓடி வந்து முழங்காலில் முட்டுவான். மாமியார் ஒரு பிடி துருவலை எடுத்துப் போட்டுவிடுவார். "தோப்பு வீட்டுப் பூனை தேங்காய் தின்னாமல் வேறு எது தின்னும்?" என்கிறார். வயிற்றில் சேரும் முடி வெளியே வரத் தேங்காய் எண்ணெய் ஊற்றலாம், வெயிலுக்கு இளநீர் வைக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எதையெல்லாம் கேட்பது? – பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. தேங்காய் பூனைக்கு விஷம் இல்லை. வெங்காயம், சாக்லேட், லில்லிப் பூ என்று பூனை வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டிய வரிசையில் அது வராது. கருப்பன் இதுவரை தின்றதற்காகப் பதற வேண்டாம். எனக்கு இடிப்பது அந்த "ஒரு பிடி"தான்.

பச்சைத் தேங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கிறது, அதில் 33 கிராம் கொழுப்பு. ஒரு பிடித் துருவல் 25, 30 கிராம் வரும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 100 கலோரி. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாள் முழுவதற்குமே 200 முதல் 250 கலோரிதான் தேவை. வழக்கமான சாப்பாடு போகக் கொடுக்கும் தீனி எதுவானாலும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் கணக்கு. மாமியார் பாசத்தோடு போடுவது கிட்டத்தட்ட அரை நாள் சாப்பாடு. அத்தனை கொழுப்பு ஒரே நேரத்தில் உள்ளே போனால் மோஷன் இளகும், சில பூனைகள் வாந்தி எடுக்கும். கணையம் வீங்கிவிடும் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். நாய்களில் கொழுப்புச் சாப்பாட்டுக்கும் கணைய வீக்கத்துக்கும் இருப்பதாகச் சொல்லப்படும் தொடர்பு பூனைகளில் அவ்வளவு தெளிவாக இல்லை. உடம்பு பெருப்பதுதான் உறுதியாக நடக்கும்.

சத்து என்று பார்த்தாலும் பூனைக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பூனை மாமிசம் தின்றே வாழும் பிராணி. டாரின் என்ற சத்து தொடர்ந்து குறைந்தால் அதன் பார்வையும் இதயமும் கெடும். தேங்காயில் டாரின் கிடையாது. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பை நம் உடம்பு தாவர எண்ணெயிலிருந்து தானே செய்துகொள்ளும், பூனையின் உடம்பால் போதிய அளவு செய்ய முடியாது. மீனிலோ கறியிலோ முட்டையிலோதான் அது கிடைக்க வேண்டும். தேங்காயால் வயிறு நிறைந்து மீனை ஒதுக்கினால் நஷ்டம் கருப்பனுக்கு.

பிறகு ஏன் ஓடி வருகிறான் என்று கேட்பீர்கள். இனிப்புக்காக இல்லை. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். கொழுப்பின் வாசனை இழுத்திருக்கலாம். நீங்கள் தரையில் அவன் உயரத்துக்கு உட்கார்ந்திருப்பதும், முட்டினால் ஏதாவது விழும் என்று அவன் கற்றுக்கொண்டதும் காரணமாக இருக்கலாம். என் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான். அரை ஸ்பூன் புதுத் துருவல், உப்பு சர்க்கரை சேராமல், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் கொடுங்கள், போதும். பூசணம் பிடித்த கொப்பரையை மட்டும் எந்தப் பிராணிக்கும் போடாதீர்கள்.

தேங்காயைவிட நான் பயப்படுவது தேங்காய்ச் சட்னிக்கு. இட்லித் தட்டில் மிஞ்சியதை வழித்துப் பூனைக்கு வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் இருந்தால் விஷயமே வேறு. பச்சையோ, வதக்கியதோ, பொடியோ, வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கிலோவுக்கு 5 கிராமே கெடுதல் செய்யப் போதும் என்பார்கள். கருப்பனுக்கு அது 20 கிராம், அதாவது நாலைந்து சின்ன வெங்காயம். தின்ற அன்றே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும், பூனை சுருண்டு படுத்துவிடும். குழம்புக்கு ஊற்றிய தேங்காய்ப்பாலுக்கும் இதே எச்சரிக்கை. வெறும் தேங்காய்ப்பாலில், பசும்பாலில் இருப்பது போல லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இல்லை என்பது உண்மைதான். ஆனால் கொழுப்பு நிறைய. அதைக் கிண்ணத்தில் ஊற்றி வைக்காதீர்கள்.

அடுத்து எண்ணெய். முடி உருண்டைக்குத் தேங்காய் எண்ணெய் பயன்படாது. அது குடலில் செரித்து உறிஞ்சப்பட்டுவிடும், முடியை வழுக்கிக்கொண்டு போக மிச்சம் இருக்காது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி என்பது தனிக் கணக்கு. வாயைத் திறந்து ஊற்றினால் புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம், அந்த நிமோனியா லேசில் ஆறாது. தினமும் சீப்பால் வாரி விடுங்கள், விழுங்கும் முடி குறையும். அதற்கும் அடங்காமல் அடிக்கடி முடியை வாந்தி எடுத்தால் காட்டுங்கள், அதற்கென்றே பசை மருந்து இருக்கிறது. உண்ணி, அரிப்பு என்று உடம்பில் எண்ணெய் தடவினாலும் பூனை அதை நக்கித் தீர்த்துவிடும். சளிக்கும் மூட்டு வலிக்கும் நாம் கற்பூரம் போட்டுக் காய்ச்சி வைத்திருக்கும் எண்ணெய் இருக்கிறதே, அதை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். கற்பூரம் பூனைக்கு விஷம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

இளநீரைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருப்பன் ஆண். ஆரோக்கியமான பூனை இரண்டு நக்கு நக்கினால் ஒன்றும் ஆகாது. ஆனால் வெயில் காலத்தில் எங்களிடம் வரும் ஆண் பூனைகளில் சில இப்படி வரும்: பூனை மணல் தட்டில் போய் உட்காருகிறது, முக்குகிறது, கத்துகிறது, எழுந்து குளியலறை மூலையில் போய் மறுபடி உட்காருகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் பார்ப்பவர்கள் சூடு பிடித்து நீர்க்கடுப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள், இல்லையென்றால் மலச்சிக்கல் என்று. நமக்கு நீர்க்கடுப்பு என்றால் இளநீர் குடிப்போம், அதையே சிரிஞ்சில் எடுத்து ஊட்டுகிறார்கள். உண்மையில் அது சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல். படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துக்கொள்ளும். சிறுநீர் வெளியேறாமல் போனதும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கும். அது ஒரு அளவைத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும். இளநீரில் நிறைந்திருப்பதோ அதே பொட்டாசியம், 100 மில்லியில் ஏறக்குறைய 250 மில்லிகிராம். அதைவிடப் பெரிய கெடுதல், இளநீரை நம்பிக் கழியும் அந்த ஒன்றிரண்டு நாள். முழு அடைப்பு இரண்டு மூன்று நாளில் உயிரை எடுத்துவிடும். முதல் நாளே வந்தால் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றி, ட்ரிப்ஸ் ஏற்றிப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

அதனால் கருப்பன் சிறுநீர் கழிக்கும் மணலைத் தினமும் கவனியுங்கள். நனைந்து கட்டியான மணல் தினமும் இருக்க வேண்டும். பலமுறை உட்கார்ந்தும் சொட்டு வரவில்லை என்றால், அடிவயிற்றைத் தொட்டால் எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம், சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கும் இளநீர் வேண்டாம். வெயிலுக்கு வேண்டியது சாதாரணத் தண்ணீர்தான்: இரண்டு மூன்று இடங்களில் அகலமான கிண்ணங்களில் வையுங்கள், தினம் மாற்றுங்கள். வெறும் பாக்கெட் தீனியில் வளர்கிறான் என்றால், ஒரு வேளை உப்பில்லாமல் வேகவைத்த மீனையோ கோழியையோ அதன் தண்ணீரோடு முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுங்கள். குடிக்காத பூனையின் உடம்பிலும் நீர் சேரும்.

தோப்பு வீடு என்பதால் இன்னொன்று. தேங்காய் நாரையும் கயிற்றையும் வைத்து விளையாட விட்டுவிட்டுப் போகாதீர்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் பின்னோக்கி வளைந்தவை, வாய்க்குள் போன நூல் வெளியே வராது, விழுங்கத்தான் செய்யும். கயிற்றின் ஒரு முனை பின்பக்கம் தொங்குவதைப் பார்த்தால் இழுத்துவிடாதீர்கள். மறுமுனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கியிருந்தால் குடல் அறுபடும். அப்படியே கொண்டு வாருங்கள்.

துருவல் தின்று மோஷன் இளகியிருந்தால் தேங்காயை நிறுத்திவிட்டு ஒரு நாள் பாருங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வாந்தியும் நிற்கவில்லை, மோஷனில் ரத்தம் தெரிகிறது, அல்லது ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு படிந்து புதிய நோய் தொடங்கிவிடும்.

மாமியாரிடம் துருவலைத் தட்டிப் பறிக்க வேண்டாம், அந்த அரை ஸ்பூனை அவர் கையாலேயே போடட்டும்.