ஸ்ட்ரிப் இன்னும் நீலமாகவே இருக்கிறதே!

கேள்வி: ஆக்சிஜன் இருந்தால் வளராத கிருமிகளை வளர்க்க எங்கள் லேபில் வைத்திருக்கும் காற்றில்லா ஜாரில், ஹைட்ரஜன் பாக்கெட் புதிதாகப் போட்டும் ஆக்சிஜன் தீர்ந்ததும் வெளுக்க வேண்டிய மெத்திலீன் புளூ ஸ்ட்ரிப் மறுநாள் வரை வெளுக்கவில்லை. ஏன்?

பதில்: முதலில் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது சரியென்றால் சந்தேகம் ஜாரில் வினையூக்கியாக இருக்கும் பல்லேடியம் (ஓர் உலோகம்) குருணைகள் மேல்தான். ஹைட்ரஜனையும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தண்ணீராக்குவது அவைதான், அதனால்தான் நன்றாக வேலை செய்யும்போது மூடி லேசாகச் சுடும், உள்சுவரில் நீர் முத்து முத்தாகப் படியும். அந்த ஈரமே குருணைகளை மந்தமாக்கிவிடும், அப்புறம் பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேறு. ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் ஹாட் ஏர் அவனில் 160 டிகிரியில் 2 மணி நேரம் சூடாக்கி, ஈரம்படாமல் வையுங்கள். அப்படியும் தேறாவிட்டால் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடவே வேண்டாம். ஆக்சிஜன் மிஞ்சி, சீழில் இருக்கும் கிருமி வளராமல் போனால் நோயாளியின் ரிப்போர்ட்டே தப்பாகிவிடும்.