எஸ்கார்ட் வேலைக்குப் பணம் கட்டி ஏமாந்தேன், இப்போது மிரட்டுகிறார்கள்: என் மேலேயே கேஸ் வருமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். வயது 36. ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். எங்கள் ஊர் ஓட்டுக் கம்பெனியை மூடியதிலிருந்து நிரந்தர வேலை கிடையாது. வசதியான பெண்களுக்குப் பேச்சுத்துணையாகப் போனால் நாளுக்கு 8,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் ஒரு எஸ்கார்ட் ஏஜென்சி விளம்பரம் வந்தது. பதிவுக் கட்டணம், ஐடி கார்டு, ஹோட்டல் டெபாசிட் என்று ஐந்து தடவையில் 46,500 ரூபாய் ஜிபே செய்தேன். வேலை எதுவும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 60,000 அபராதம் கட்டு. இல்லாவிட்டால் உன் போட்டோவை மனைவிக்கு அனுப்புவோம், விபச்சார கேஸில் போலீஸ் வரும்" என்கிறார்கள். பணம் போனது பொள்ளாச்சி பேங்க் கணக்கிலிருந்து, நான் இருப்பது கேரளாவில். எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

பதில்: தம்பி, இதைப் படித்த கையோடு 1930-க்கு போன் போடுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. உங்கள் பணம் எந்தெந்தக் கணக்குக்குக் கைமாறியதோ, அங்கே மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லி பேங்குகளுக்குத் தகவல் போகும். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பலன் அதிகம். நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், கடைசியாகக் கட்டிய தொகையாவது மாட்டலாம். ஒவ்வொரு பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணையும் (ஜிபே ரசீதில் இருக்கும் பரிவர்த்தனை எண்) தேதியையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அபராதத்தைக் கட்டினால் அடுத்த வாரம் இன்னொரு பெயரில் கேட்பார்கள்.

உங்களை அதிகம் வதைப்பது கேஸ் பயம்தான் என்று தெரிகிறது. 1956-ம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் விடுதி நடத்துபவரையும், ஆள் பிடித்துக் கொடுப்பவரையும், அந்த வருமானத்தில் பிழைப்பவரையும், பொது இடத்தில் ஆள் அழைப்பவரையும்தான் முக்கியமாகத் தண்டிக்கிறது. வயது வந்தவர் தன் விருப்பப்படி அந்தத் தொழில் செய்வது மட்டுமே குற்றமாகாது, சோதனையின்போது அவர்களைக் கைது செய்தோ துன்புறுத்தியோ நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாத உத்தரவில் சொல்லியிருக்கிறது. நீங்கள் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. வேலை என்று நம்பிப் பணம் கட்டியிருக்கிறீர்கள். இந்தக் கதையில் நீங்கள் பாதிக்கப்பட்டவர்.

ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துப் பாருங்கள். வேறு யாருடைய பணத்தையாவது உங்கள் கணக்கில் போட்டு எடுத்துத் தரச் சொன்னார்களா? வேறு ஆட்களைச் சேர்த்துவிடச் சொன்னார்களா? அப்படி ஏதாவது நடந்திருந்தால் புகார் எழுதும் முன்பே ஒரு வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதன் சட்ட விளைவு வேறு.

அவர்கள் காட்டும் ஒப்பந்தத்துக்கு மதிப்பு இல்லை. நோக்கம் சட்டத்துக்கோ ஒழுக்கத்துக்கோ விரோதமானது என்றால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு. அபராதம் கேட்டு அவர்களால் எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. வாட்ஸ்அப்பில் "வாரண்ட்" வந்தால் அது மிரட்டுவதற்காக அவர்களே தயாரித்தது. அதையும் சேமித்து வையுங்கள், சாட்சியாக உதவும்.

அப்புறம் எல்லைப் பிரச்சினை. பொள்ளாச்சிக்கு அலைய வேண்டாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு. போன் வழியாக ஏமாற்றிய வழக்கை, அந்தச் செய்தி வந்து சேர்ந்த இடத்துக் கோர்ட்டே விசாரிக்கலாம் என்கிறது 202-வது பிரிவு. மெசேஜ் வந்தது உங்கள் ஊரில்தானே? உள்ளூர் ஸ்டேஷனிலோ பாலக்காடு சைபர் ஸ்டேஷனிலோ கொடுங்கள். மலையாளம் எழுத வராதே என்று தயங்க வேண்டாம். உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகா மொழிச் சிறுபான்மைப் பகுதி, அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத 1969-ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

புகாரில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4) மோசடி, 308 மிரட்டிப் பணம் பறித்தல், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி ஆள்மாறாட்ட மோசடி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். ஐடி கார்டுக்கு என்று ஆதார் கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கியிருக்கிறார்களா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துவிடுங்கள்.

பணம் முழுதும் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது என்பதால் பேங்க் ஈடு தரும் என்று நம்பியிருக்க வேண்டாம். கணக்கில் நிறுத்தி வைத்த தொகையைத்தான் பெரும்பாலும் திரும்ப எடுக்க முடியும்.

கடைசியாக உங்கள் மனைவி. மிரட்டுபவர்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அவருக்கு விஷயம் தெரியாது என்பதுதான். வேலை போன வருத்தத்தில் செய்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், அழுவார், அது நியாயம்தான். ஆனால் மிரட்டல் அந்த இடத்திலேயே செத்துப்போகும். முடிந்தால் ஸ்டேஷனுக்கு இருவருமாகப் போங்கள்.