மைனஸ் 5 கொடுத்தா ஏன் எரர்?

கேள்வி: பாஷ்ல (லினக்ஸ்ல கமாண்ட் எழுதுற ஷெல்) பிடிஎஃப் பக்கம் பிரிக்க ஒரு சின்ன டூல் எழுதினேன் சார். 3-7,9 சரியா வேலை செய்யுது, ஆனா கடைசி 5 பக்கம் வேணும்னு -5 கொடுத்தா தெரியாத ஆப்ஷன்ங்குது, 08-12 கொடுத்தாலும் எரர். என்ன பண்றது?
- வாசகர், மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: 08 பிரச்சனை ரொம்ப பேருக்கு வர்றதுதாங்க. முன்னாடி 0 இருந்தா, கணக்கு போடுற இடத்துல பாஷ் அதை எட்டடிமான எண்ணுன்னு (0 முதல் 7 வரை இலக்கம் மட்டும் உள்ளது) எடுத்துக்கும், அதுல 8, 9 கிடையவே கிடையாது, அதான் எரர். அந்தக் கணக்குல 10#08 னு எழுதிப் பாருங்க, பத்தடிமான எண்ணா எடுத்துக்கும், சரியாயிடும். ஆனா அதுக்கு முன்னாடி, டூலுக்குக் கொடுத்தது வெறும் இலக்கம்தானான்னு செக் பண்ணிடுங்க.

-5 விஷயத்துல அவசரப்படாதீங்க. ஹைஃபன்ல ஆரம்பிச்சா ஆப்ஷன்னு நினைக்கிறது வழக்கம், முன்னாடி -- போட்டா தப்பிச்சுக்கலாம், ஆனா கட் (cut, வரியில வேணுங்கிற பகுதியை மட்டும் எடுக்குறது) கமாண்ட்ல -5 ன்னா முதல்ல இருந்து 5 வரைக்கும், 5- ன்னா 5ல இருந்து கடைசி வரைக்கும்னு அர்த்தம், அதைப் பழகினவங்க உங்க டூல்ல கண்டிப்பா குழம்புவாங்க. அதனால கடைசி பக்கங்களுக்கு தனியா --கடைசி 5 ங்கிற மாதிரி ஒரு ஆப்ஷன் வைங்க, அதுதான் நல்லது. ரேஞ்சை முதல்ல கமாவுல பிரிங்க, அப்புறம் ஹைஃபன்ல. 7-3 னு தலைகீழா வந்தா சும்மா விட்டுடாம, எந்தத் துண்டுல தப்புன்னு காட்டி எரர் கொடுங்க.