ஏற்காடு இறங்கியும் காது திறக்கலையா? முதல்ல பட்ஸை கீழ வைங்க

கேள்வி: ஏற்காடு போயிட்டு வந்ததுல இருந்து வலது காது அடைச்சே இருக்கு. பட்ஸ் விட்டா கொஞ்சம்தான் அழுக்கு வருது. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தலாம்னு அம்மா சொல்றாங்க, ஊத்தலாமா? – வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: அடைப்புல ரெண்டு வகை இருக்குங்க. 20 ஹேர்பின் பெண்டு ஏறி கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்துக்குப் போறப்போ வெளிக்காத்தோட அழுத்தம் குறையுது, மூக்குக்குப் பின்னாடி இருந்து நடுக்காதுக்குப் போற குழாய் திறந்து அதைச் சரி பண்ணணும், சளி பிடிச்சிருந்தா திறக்காது, அதுவும் இறங்கும்போதுதான் ரொம்ப படுத்தும். எச்சில் முழுங்கினா, கொட்டாவி விட்டா டப்புனு கொஞ்சம் விடுதுன்னா இந்த வகைதான், இதுக்கு காதுக்குள்ள சுத்தம் பண்ண ஒண்ணுமே இல்ல.

தலைக்கு ஊத்தினப்புறம் இன்னும் அடைக்குதுன்னா குறும்பியா, அதாவது காது அழுக்கா இருக்கலாம், தண்ணி பட்டா அது ஊதிக்கும். குறும்பி ஊறுறது காதுக்குழாயோட வெளிப்பக்கத்துல மட்டும்தான், தோல் வளர வளர தானா வெளிய தள்ளிடும். நாமதான் பட்ஸ் விட்டு துப்பாக்கியில மருந்து கெட்டிக்கிற மாதிரி உள்ள இடிச்சு வைக்கிறோம். பஞ்சுல கொஞ்சம் ஒட்டி வர்றதப் பாத்து சந்தோஷப்படுறோம், மிச்சம் காது ஜவ்வுகிட்ட போய் உக்காந்துடும். கொண்டை ஊசி, வண்டிச் சாவி, ஆன்லைன்ல விக்கிற கேமரா வச்ச குச்சி எதுவும் வேண்டாம்.

அம்மாகிட்ட சொல்லுங்க, காய்ச்சின எண்ணெய் கூடவே கூடாது, காதுக்குழாயும் ஜவ்வும் வெந்துடும். மெடிக்கல்ல குறும்பி கரைக்கிற டிராப்ஸ்னு கேளுங்க, இல்லனா காய்ச்சாத ஆலிவ் ஆயில் 3 சொட்டு, ஒருக்களிச்சுப் படுத்து அஞ்சு நிமிஷம், காலையும் ராத்திரியும் அஞ்சு நாள் போதும். முதல் நாள் அடைப்பு கூடின மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. வெளிய வழியறத மட்டும் துணியால தொடைங்க. மாசக்கணக்கா எண்ணெய் ஊத்துற பழக்கம் வேண்டாம், ஈரமா இருக்கிற காதுல பூஞ்சை வந்து அரிப்பெடுக்கும்.

காது ஜவ்வுல ஓட்டை, சீழ், வலி, முன்னாடி ஆபரேஷன் இப்படி ஏதாவது இருந்தா சொட்டுகூட விடாதீங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு சின்ன கீறலே பெரிய இன்ஃபெக்‌ஷனா போகும், அவங்க நேரா இஎன்டி டாக்டர்கிட்ட போறதுதான் நல்லது. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியிலயே இஎன்டி இருக்கு. அங்க உறிஞ்சியோ தண்ணி பீய்ச்சியோ எடுப்பாங்க, உடம்பு சூட்டுக்கு சரியான தண்ணியாதான் இருக்கும், பச்சைத்தண்ணிய நீங்களா பீய்ச்சினா தலை சுத்தி விழுந்துடுவீங்க.

திடீர்னு ஒரு காது சுத்தமா கேக்கலைன்னா மட்டும் இந்த அஞ்சு நாள் கணக்கெல்லாம் பாக்காதீங்க, நரம்பு பிரச்சினையா இருக்கலாம், அன்னிக்கே போயிடுங்க.